கழிவுக் கரை: குப்பம் பக்கத்து நண்பர்கள் கேட்டவை

ஊருக்கு மேட்டில் தனியார் சுரங்கத்தின் கழிவைத் தேக்கும் மண் கரை நிற்பதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். மண் பொறியியலில் வேலை பார்த்தவன் என்பதால் தெரிந்த வரை சொல்கிறேன்.

கேள்வி (ஆசிரியர், குப்பம்): ஏரிக்கரையும் மண்தானே ஐயா, இதில் என்ன வித்தியாசம்?

ஏரிக்கரையைக் கட்டி முடித்துவிட்டுத்தான் தண்ணீர் நிற்க விடுவார்கள். இது சுரங்கம் ஓடும் வரை வளர்ந்துகொண்டே போகும். முதலில் மண்ணை இறுக்கி ஒரு சின்னக் கரை. பாறையை அரைத்துத் தாது எடுத்தபின் மிஞ்சும் சேற்றுக் குழம்பு நிரம்பியதும் அதற்கு மேல் இன்னொரு கரை. அது எதன் மேல் உட்காருகிறது என்பதுதான் விஷயம். வெளிப்பக்கம் மண் கொட்டி உயர்த்தினால் செலவு அதிகம், ஆபத்து குறைவு. உள்பக்கம் நகர்ந்து, காய்ந்ததுபோல் தெரியும் குழம்பின் மேலேயே கட்டினால் மலிவு. பாலாற்று ஈர மணலைச் சின்ன வயதில் காலால் தட்டியிருப்பீர்கள். கெட்டியாக இருந்தது நாலு தட்டில் கூழாகிவிடும். உள்ளே தண்ணீர் தேங்கிய குழம்பும் அப்படித்தான் திடீரென்று இளகும். பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று உடைந்தது இந்த உள்பக்க வகைதான். 270 பேர் இறந்தார்கள். கழிவு கொட்டுவதை நிறுத்தி 2 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கரை உறுதியாக இருப்பதாகச் சான்றிதழும் இருந்தது!

கேள்வி (விவசாயி, குடுபள்ளி): கரை அடியில் கசிவு இருக்கிறது. பயப்படணுமா சார்?

கசியாத மண் கரை கிடையாது அண்ணா. நிறத்தைப் பாருங்கள். உறை போட்ட கையால் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் படிந்திருந்தால், தண்ணீர் கரையை உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். தினமும் வந்த கசிவு திடீரென்று நின்றாலும் நல்ல சேதியில்லை. வடிகால் அடைத்து, உள்ளே நீர்மட்டம் ஏறலாம். தங்கச் சுரங்கக் கழிவில் சயனைடு, ஆர்சனிக் இருக்க வாய்ப்புண்டு, ஆடு மாடு குடிக்க விடாதீர்கள்.

எலி வளை, கரையான் புற்று, வேர் இவையும் கவனிக்க வேண்டியவை. ஒரு இடத்தில் எலி வளையைக் குறித்து அறிக்கை கொடுத்தேன். மறுநாள் வாய்ப்பகுதியில் மட்டும் சிமென்ட் பூசியிருந்தார்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தாங்குமா?

கழிவின் மேல் தேங்கும் தண்ணீர் கரையை ஒட்டி நின்றால் தாங்காது. தண்ணீருக்கும் கரைக்கும் நடுவே அகலமான காய்ந்த மணல் திட்டு வேண்டும். தென்னாப்பிரிக்காவின் மெரிஸ்ப்ரூட்டில் 1994 பிப்ரவரி 22 சாயங்காலம் பெருமழையில் தங்கச் சுரங்கக் கரை வழிந்து உடைந்து 17 பேர் இறந்தார்கள். ஏரிக்கு மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கலங்கல் இருக்கும். இங்கே வெள்ளத்துக்கு வழி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கேள்வி (ஒரு தங்கை): தனியார் இடம், உள்ளேயே விட மாட்டேன் என்கிறார்கள் அண்ணா.

உள்ளே போக வேண்டாம்மா. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய சுரங்கம், நிபந்தனைகளைப் பின்பற்றுவது பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். கிடைக்கவில்லையென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேள்வி: சுரங்கத்தை மூடிவிட்டால் தொல்லை தீருமா?

கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல் போய்ப் பாருங்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடினார்கள். சயனைடு கலந்த கழிவு மேடுகள் அங்கேயேதான் இருக்கின்றன, காற்றடித்தால் தூசி பறந்து துணி காயப்போட முடியாது.