ஹவாய் மொழி பேச, பிட்ஜின் கேட்க

வணக்கம் ஐயா,

கணவரின் அலுவலக வேலையாக அடுத்த மாதம் ஹொனலூலூ போகிறோம். அந்த ஊர் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொள்ள ஆசை. ஹவாய் மொழி, பிட்ஜின் என்று இரண்டு சொல்கிறார்கள். எதைக் கற்பது? ஆங்கிலமே போதுமா?

வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரி,

ஆங்கிலம் தாராளமாகப் போதும். ஆனால் ஆசை என்கிறீர்களே, ஹவாய் மொழியில் கொஞ்சம் பேசிப் பழகுங்கள். பிட்ஜின் என்பது ஆங்கிலத்தோடு பல மொழிகள் கலந்த உள்ளூர்ப் பேச்சு; அது காதில் விழுந்தால் புரிந்தால் சரி, பேச முயல வேண்டாம்.

ஹவாய் மொழிக்கு 13 எழுத்துகள்தான். உயிரெழுத்தின் தலையில் கோடு இருந்தால் நெடில். ஹொனலூலூவின் கடற்கரைப் பகுதியான வைக்கீக்கீயின் பெயரில் இரண்டு கீயும் நெடில். ஆங்கிலேயர் நாக்குக்குத்தான் இது கஷ்டம். ஒற்றை மேற்கோள் போலத் தெரியும் குறியும் ஓர் எழுத்தே. அங்கே தொண்டையில் சட்டென்று ஒலியை நிறுத்த வேண்டும். 'ஹவாய்' என்று நாம் முடித்துவிடும் பெயரில், கடைசி 'இ'க்கு முன்னால் அது நிற்கிறது.

வழி கேட்டால் வடக்கு தெற்கு சொல்ல மாட்டார்கள். மலைப்பக்கம் 'மௌக்கா', கடற்பக்கம் 'மக்காய்'. கழிவறைக் கதவில் 'வஹினே' என்றிருந்தால் பெண்களுக்கு. குப்பைத்தொட்டி மூடியில் 'மஹாலோ' என்றிருக்கும். நன்றி என்று பொருள், குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். 'கப்பு' என்று பலகை இருந்தால் அங்கே நுழையக் கூடாது.

1896-ல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழி ஆக்கியது. ஹவாய் மொழி ஏறக்குறைய அழிந்தே போனது. 1978-ல்தான் மாநில ஆட்சிமொழி ஆனது. 1984-ல் அம்மொழியிலேயே நடக்கும் மழலையர் பள்ளி தொடங்கியது. இவ்வளவு பாடுபட்டு மீட்டவர்களுக்கு, வந்தவர் ஊர்ப்பெயரைச் சரியாக உச்சரித்தால் சந்தோஷம்தானே.

பிட்ஜின் வேறு கதை. கரும்புத் தோட்டங்களில் ஹவாய்க்காரர், சீனர், ஜப்பானியர், போர்ச்சுக்கீசியர், பிலிப்பினோக்கள் கலந்து பிறந்த பேச்சு, பிறகு பிள்ளைகளின் தாய்மொழியே ஆனது. 2000-ல் பைபிளின் புதிய ஏற்பாடே அதில் வந்துவிட்டது. பெயர் நினைவுக்கு வராதபோது நாம் 'அந்த இது' என்போமே, அதற்கு அங்கே 'டா கைன்'. 'பௌ' என்றால் முடிந்தது. 'பம்பாய்' என்று கேட்டால் மும்பை இல்லை, 'அப்புறமா'! ஆனால் அது கொச்சை ஆங்கிலம் என்று பள்ளியில் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள் அங்கே நிறைய. வெளியூர்க்காரர் அதைப் பேசிக்காட்டினால் கேலி போலத்தான் படும்.

இன்னொன்று: அங்கே வசிக்கும் எல்லாரையும் 'ஹவாயன்' என்று சொல்லிவிடாதீர்கள். அது பூர்வகுடி வம்சத்தவருக்கு மட்டும். மூன்று தலைமுறையாக அங்கேயே வாழும் ஜப்பானிய வம்சத்துக்காரர்கூடத் தன்னை 'லோக்கல்' என்றுதான் சொல்வார்.