முதல் கார்: ஆர்.சி. யார் பெயரில்?

மகனுக்கு 17 வயது. டியூஷன் போய்வர மட்டும் ஒரு பழைய கார் வாங்கித் தரலாமா? (கரூர்)

கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் மாட்டுவது நீங்கள்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். காரின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 18 முடிகிற வரை வீட்டுக் காரில் ஸ்டெப்னி மாற்றப் பழக்குங்கள். ஜாக்கி ஏற்றும் முன்பே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். ஏற்றிய பிறகு ஸ்பேனரை மிதித்தால் கார் ஜாக்கியிலிருந்து நழுவும்.

மகனுக்கு 19. வார இறுதியில் கேட்டரிங் வேலைக்குப் போய் 70,000 சேர்த்திருக்கிறான். நான் 50,000 போட்டு 2012 ஆல்டோ வாங்குகிறோம். என் பெயரில் இருப்பதுதானே நல்லது? (கோவை)

அவன் பெயரில் வாங்குங்கள். கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடான 15 லட்சம், லைசென்ஸ் உள்ள பதிவு உரிமையாளருக்குத்தான். ஆர்.சி. உங்கள் பெயரில் இருந்து அவன் ஓட்டினால் அந்தக் காப்பு அவனுக்கு இல்லை. சலானும் இன்சூரன்ஸ் நினைவூட்டலும் அவன் போனுக்கு வரட்டும். உங்களுக்கு வந்தால் நீங்கள்தான் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

2012 காருக்கு 2027-ல் பதிவு முடியும். எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அதைச் சொல்லியே விலையைக் குறையுங்கள். மாதம் 500 கி.மீ. ஓடினால், லிட்டருக்கு 15 கி.மீ. கணக்கில் 33 லிட்டர் பெட்ரோல், லிட்டர் 100 என்று வைத்தால் 3,300 ரூபாய். 1000 சிசிக்குள் உள்ள காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டணம் ஆண்டுக்கு 2,094, வரி தனி. டயர், பேட்டரி, சர்வீஸுக்கு மாதம் 1,500 எடுத்துவைக்க வேண்டும். ஆக மாதம் 5,000. அவன் கையில் அது நிற்காது என்றால் இன்னும் ஆறு மாதம் சேர்க்கட்டும், உங்கள் 50,000 வங்கியிலேயே இருக்கட்டும்.

மகள் டியூஷன் எடுத்துச் சேர்த்த 90,000 ரூபாயில் புரோக்கர் மூலம் கார் வாங்கினாள். 'ஃபார்மில் கையெழுத்து இருக்கு, மெதுவா மாத்திக்கலாம்' என்றார். எட்டு மாதம் கழித்து, பழைய லோன் பாக்கி என்று வண்டியைத் தூக்க ஆள் வருகிறார்கள். தினம் அழுகிறாள். (மதுரை)

அவளைத் திட்டாதீர்கள். இருபது வயதுப் பெண்ணை ஏமாற்றியவர் மீதுதான் குற்றம். அடையாள அட்டையும் பைனான்ஸ் கம்பெனியின் எழுத்துப்பூர்வ அதிகாரக் கடிதமும் காட்டாத யாரிடமும் சாவியைக் கொடுக்க வேண்டாம். பாக்கி எவ்வளவு என்று கம்பெனியிடம் எழுதி வாங்குங்கள். கடனை மறைத்து விற்றவர் மீது போலீஸில் புகார் கொடுங்கள். கமிஷன் வாங்கிய புரோக்கர் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 5 லட்சம் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். புரோக்கருக்குப் பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

தேதி போடாத இந்த 29, 30 பெயர் மாற்றப் படிவங்களைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம் பெயர் மாற்றம் ஆகாது. ஆர்.டி.ஓ. பதிவேட்டில் பெயர் மாறும் வரை மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் கார் பழைய ஆளுடையதுதான். விற்றவருக்கும் இதில் நிம்மதி இல்லை. வண்டி கைமாறியும் பதிவு மாறாத நிலையில் விபத்து நடந்தால், இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு உரிமையாளருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. காசு கொடுக்கும் முன் அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போடுங்கள். பைனான்ஸ் பதிவு இருந்தால் கம்பெனியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கும் 35-ஆம் படிவமும் கைக்கு வந்த பிறகே மிச்சப் பணம். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை மாற்றவும் விண்ணப்பிக்க வேண்டும்.

மகன் புதிதாக வாங்கிய பழைய காரில் ஹீட் ஊசி உச்சிக்குப் போயும் 12 கி.மீ. ஓட்டி வந்துவிட்டான். ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போச்சு என்கிறார் மெக்கானிக். கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருந்தானாம். பில்லை நான் கட்டலாமா? (வேலூர்)

கட்டாதீர்கள். அவசரம் என்றால் கடனாகக் கொடுத்து, மாதத் தவணையை எழுதி வாங்குங்கள். உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களுக்குள் சுண்ணாம்பாகப் படியும், சூடு இறங்காது. ஊசி ஏறியதும் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்திருக்க வேண்டும். அரை மணி நேரமாவது ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தொடர்ந்து ஓட்டினால் அலுமினிய ஹெட் வளையும். அதனால் கேஸ்கெட் மட்டும் மாற்றாமல், ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடியில் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஆயிலையும் பில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய காரை எப்படிக் கண்டுபிடிப்பது? (சென்னை)

சென்னையில் 2015, 2023 டிசம்பர்களில் மூழ்கிய கார்கள் பாலிஷ் போட்டு வெளியூர்களுக்கும் போயின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். நான் வாங்கிய ஒரு காரில் அப்படி இழுக்காமல் விட்டேன், கடைசி ஒரு சாண் முழுக்கச் சேற்றுக் கோடு. சீட் தண்டவாள போல்ட்டில் துரு, கார்பெட்டுக்கு அடியில் ஈர வாடை, ஸ்டெப்னி குழியில் வண்டல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

டயர் பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறது. மாற்றணுமா? (சேலம்)

பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ன் 23-ஆம் வாரம் தயாரானது. அவ்வளவு பழையது என்றால் பட்டன் தேயாவிட்டாலும் மாற்றுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து.