தாத்தா நடத்திய பப்பைத் தேடி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய முன்னோர் ஒருவர் 1850 வாக்கில் லெஸ்டர் அருகே ஒரு கிராமத்தில் 'ரெட் லயன்' என்ற பப் நடத்தியதாக வீட்டில் சொல்கிறார்கள். 1862ஆம் வருடத் திருமணச் சான்றிதழில் மகன், தந்தையின் தொழில் 'பீர் செல்லர்' என்று சொல்லியிருக்கிறார். ஆவணக் காப்பகத்தில் லைசென்ஸ் பேரேடு கேட்டேன். அந்தக் காலத்துக்கு எதுவும் இல்லை என்கிறார்கள். எப்படித் தேடுவது?
– ஒரு வாசகி, லெஸ்டர்

பதில்: பேரேடு ஏன் இல்லை என்பதற்கு உங்கள் கையிலிருக்கும் சான்றிதழே பதில் சொல்கிறது. 'பீர் செல்லர்' வேறு, 'லைசென்ஸ்டு விக்சுவலர்' வேறு. விக்சுவலர் (பேச்சில் 'விட்லர்') மாஜிஸ்திரேட்டிடம் லைசென்ஸ் வாங்கியவர். ஜின், பிராந்தி எல்லாம் விற்கலாம். பீர் செல்லருக்கு அந்த உரிமை கிடையாது. 1830ஆம் வருடச் சட்டப்படி, வரி கட்டும் குடும்பத்தலைவர் எவரும் கலால் இலாகாவுக்கு வருடம் 2 கினி (ஒரு கினி என்பது ஒரு பவுண்டு ஒரு ஷில்லிங்) கட்டிவிட்டுத் தன் வீட்டு முன்னறையிலேயே பீர் விற்கலாம். மாஜிஸ்திரேட் பக்கமே போக வேண்டியதில்லை. 1869இல்தான் பீர்க்கடைகளும் மாஜிஸ்திரேட்டுகளின் பிடிக்குள் வந்தன. இடைப்பட்ட 39 வருடங்களின் கலால் காகிதங்கள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. உங்கள் ஆள் சரியாக அந்த இடைவெளியில் விழுகிறார்.

விக்சுவலராக இருந்தாலும் 1828க்கும் 1872க்கும் நடுவே தேடல் கடினம்தான். 1753 முதல் 1828 வரை லைசென்ஸ்காரர்கள் எழுதிக்கொடுத்த ஜாமீன் பத்திரங்களின் பதிவு பல கவுண்டிகளில் (மாவட்டங்களில்) இருக்கிறது. அதில் ஜாமீன் நின்றவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பல சமயம் அவர் பக்கத்துப் பப்காரராகவோ சொந்தக்காரராகவோ இருப்பார். 1828க்குப் பிறகு அந்தப் பதிவு கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது.

ஆகவே பிற்காலத்திலிருந்து முற்காலத்துக்கு வாருங்கள். 1872ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகான லைசென்ஸ் பேரேட்டில் கடை, லைசென்ஸ்காரர், கட்டட உரிமையாளர், ஒவ்வொரு கைமாற்றம், தண்டனை எல்லாம் வரிசையாக இருக்கும். விக்ஸ்டன் மேக்னாவில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இந்தப் பேரேடு உங்கள் கிராமத்துக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். கடை கிடைத்தால் 1871, 1861, 1851 சென்சஸ் என்று பின்னோக்கி நகருங்கள். ஒரு வரியைப் பார்த்துவிட்டு மூடாமல் முன்பின் பக்கங்களையும் படியுங்கள். கிராமத்து வீடுகளுக்குக் கதவு எண் இருக்காது. சர்ச், கொல்லுப்பட்டறை, கடை என்ற வரிசைதான் அடையாளம். அந்த முன்னோர் பட்டியலில் 'கொல்லர்' என்று மட்டும் இருக்கலாம். பகலில் பட்டறை, மாலையில் பீர் என்று இரண்டு தொழில் பார்த்தவர்கள் ஏராளம்.

கெல்லி, ஒயிட், பிகாட் ஆகிய வணிக டைரக்டரிகளை லெஸ்டர் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அவற்றில் 'பீர் ரீடெய்லர்' என்ற தலைப்பின் கீழ் பெரும்பாலும் ஆள் பெயர் மட்டும் வரும், கடைப் பெயர் வராது. அச்சாகும்போதே தகவல் சில மாதம் பழசாகியிருக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவைத் துறை) வரைபடங்கள் கிடைக்கும். பெரிய அளவுப் படங்களில் 'P.H.' என்றால் பப் (பப்ளிக் ஹவுஸ்), 'B.H.' என்றால் பீர் ஹவுஸ். தமிழில் இரண்டுமே 'பி.எச்.' என்று ஆகிவிடும் என்பதால் குறிப்பெடுக்கும்போது குழம்பாதீர்கள், ஆங்கில எழுத்தையே பார்த்து எழுதுங்கள்.

'ரெட் லயன்' இங்கிலாந்தில் மிகச் சாதாரணமான பப் பெயர். அதை மட்டும் நம்பித் தேடினால் வேறு யாருடைய தாத்தாவோதான் கிடைப்பார். லைசென்ஸில் பெயர் மாறினால் கடை வெளியாளுக்குப் போய்விட்டது என்றும் முடிவு கட்டாதீர்கள். கணவன் இறந்ததும் விதவை நடத்துவார். அவர் மறுமணம் செய்தால் லைசென்ஸ் புதுக் கணவன் பெயருக்கு மாறும். அடுப்படியில் அதே குடும்பம்தான் இருக்கும். அந்த வருடத் திருமணப் பதிவுகளை ஒருமுறை புரட்டுங்கள்.

கேள்வி: சஃபோக் கிராமத்தில் மனைவி, குழந்தைகள் இருக்கிறார்கள், 1891 சென்சஸில் கணவனைக் காணோம். இறந்த பதிவும் இல்லை. அவர் பண்ணைக் கூலி.

பதில்: ஸ்டாஃபர்ட்ஷைரில் பர்ட்டன் அபான் ட்ரெண்ட் ஊரில் தேடுங்கள். பீருக்கான பார்லியை ஊறவைத்து, தரையில் பரப்பி, மரச் சவளால் புரட்டிப் புரட்டி முளைகட்டி, பிறகு சூளையில் உலர்த்துவார்கள். கோடையில் செய்தால் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். அதனால் அறுவடை முடிந்து வேலையில்லாமல் நிற்கும் சஃபோக் போன்ற கிழக்குச் சீமை ஆட்களை பர்ட்டன் மதுவாலைகள் இலையுதிர் காலத்தில் வரவழைத்து, வசந்தம் முடியும்வரை வைத்துக்கொண்டன. 1891 சென்சஸ் எடுத்தது ஏப்ரல் 5. சீசன் முடியாத நேரம்! அவர் அங்கே 'லாட்ஜர்' அல்லது 'போர்டர்' என்று யார் வீட்டிலோ தங்கியிருப்பார். பெயரைப் போட்டுத் தேடாமல், பிறந்த கவுண்டி சஃபோக், வயதில் இரண்டு வருடம் கூடக்குறைய, இருப்பிடம் பர்ட்டன் என்று தேடுங்கள். கேள்விப்படாத கிராமப் பெயரைக் கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா வேலை பார்த்த சிறு மதுவாலை மூடிவிட்டது. சம்பளப் புத்தகம் எங்கே கிடைக்கும்?

பதில்: சம்பளப் புத்தகம் அரிதாகவே மிஞ்சும். மிஞ்சுவது சொத்துப் பத்திரமும் பப் குத்தகை ஒப்பந்தமும். சிறு மதுவாலையைப் பெரியது வாங்கியிருக்கும், அதை இன்னொன்று வாங்கியிருக்கும். காகிதம் கடைசியாக வாங்கியவர் பெயரில் இருக்கலாம். அந்தச் சங்கிலியை எழுதிவைத்துக்கொண்டு, தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஸ்கவரி' பட்டியலில் ஒவ்வொரு பெயராகப் போடுங்கள். ஸ்காட்லாந்து என்றால் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உள்ள மதுவாலை ஆவணத் தொகுப்பு. எந்த மதுவாலை என்றே தெரியாவிட்டால் 1921 சென்சஸைப் பாருங்கள். அதில் முதலாளியின் பெயரையும் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: பப் கட்டடம் இடிந்துவிட்டது. உள்ளே எப்படி இருந்தது என்று அறிய வழி உண்டா?

பதில்: உண்டு. 1910ஆம் வருட நிலவரிச் சட்டத்துக்காக இங்கிலாந்து, வேல்ஸ் முழுதும் ஒவ்வொரு கட்டடமாக மதிப்பிட்டார்கள். அந்தக் களக் குறிப்பேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.ஆர். 58 (IR 58) என்ற வரிசையில் உள்ளன. நேராகக் குறிப்பேட்டைக் கேட்க முடியாது. முதலில் அந்த மதிப்பீட்டு வரைபடத்தில் கட்டடத்தின் எண்ணைக் கண்டுபிடித்து, அதைக்கொண்டு குறிப்பேடு கேட்க வேண்டும். உரிமையாளர், குடியிருந்தவர், அறைகள், பழுது என்று பல பக்கங்களில் விவரம் இருக்கும். போர்ட்ஸ்மத், சவுத்தாம்ப்டன் பகுதிகளின் ஏடுகள் இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டன.