மயிலாடுதுறை – தரங்கம்பாடி பழைய பாதை: நாரோ கேஜா, மீட்டர் கேஜா?

மயிலாடுதுறை – தரங்கம்பாடி பழைய ரயில் பாதை நாரோ கேஜா, மீட்டர் கேஜா என்று கேட்டிருந்தீர்கள் (கேஜ் என்பது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்). அது நாரோ கேஜ் அல்ல, மீட்டர் கேஜ். ஆக்கூரில் வயலோரம் நீங்கள் பார்த்த மேடு, 1926-இல் திறக்கப்பட்டு 1980-களில் மூடப்பட்ட மயிலாடுதுறை – தரங்கம்பாடி கிளைப்பாதையின் கரையாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் தாத்தா அதைச் "சின்ன லைன்" என்று சொன்னதே குழப்பத்துக்குக் காரணம் என நினைக்கிறேன். 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையைப் பார்த்தவர்களுக்கு 1,000 மில்லிமீட்டர் பாதை சின்னதுதான்; நாரோ கேஜ் என்பதோ 762 அல்லது 610 மில்லிமீட்டர். நாகப்பட்டினம் – திருச்சி பாதையே முதலில் அகலப் பாதையாகப் போடப்பட்டு, 1870-களில் மீட்டர் கேஜாகக் குறுக்கப்பட்டது. 1894-இல் திறந்த மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) – முத்துப்பேட்டை பாதையும் மீட்டர் கேஜ்தான். அது தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு சேர்த்து வசூலித்த தீர்வையில் உருவானது, அதாவது நம் மிராசுதாரரும் குடியானவரும் கட்டிய பணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

நேரில் உறுதிசெய்ய, சாலை குறுக்கிட்ட இடத்தில் தாரில் புதைந்த தண்டவாளம் இரண்டும் மிஞ்சியிருக்கிறதா என்று தேடி, அவற்றின் உள்விளிம்புகளுக்கு இடையே டேப் பிடியுங்கள். ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் வந்தால் ஐயமில்லை.

கரையின் அகலத்தையோ வாய்க்கால் மதகின் அகலத்தையோ வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். டெல்டாவில் வெள்ளத்துக்கு அஞ்சிக் கரையைத் தாராளமாக உயர்த்துவார்கள், பிறகு மழையும் மண்வெட்டியும் அதைக் கரைத்திருக்கும். வேலிக்கால்களாக நட்ட தண்டவாளத் துண்டுகளும் வேறெங்கிருந்தோ வந்தவையாக இருக்கலாம்.