ஜெனரேட்டர் கொடுக்க ஆள் உண்டு, டீசல் யார் ஊற்றுவது?

அரசு மருத்துவமனைகளில் மின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரண்டு போனால் சுகாதார நிலையங்கள் என்ன செய்வது, அதற்குப் பணம் எங்கே கேட்பது என்று கொங்குப் பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஊர்க்காரர்: எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரசவம் பார்க்கறாங்க. ஜெனரேட்டர் கிடையாது. யார்கிட்டக் கேக்கறதுங்க?

முதலில் மருத்துவ அலுவலரிடம் பேசுங்கள். தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கணக்கில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 1.75 லட்சம் ரூபாய் என்று ஒரு தொகை உண்டு. நோயாளர் நலச் சங்கம் தீர்மானம் போட்டு அதைச் செலவு செய்யும். பெயின்ட், குழாய், சில்லறை ரிப்பேர் எல்லாம் அதற்குள்தான். அதில் ஓர் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கலாம், ஜெனரேட்டர் வாங்கினால் ஆண்டு முழுக்கக் கை வற்றிவிடும்.

ஜெனரேட்டருக்குச் சட்டமன்ற உறுப்பினர் நிதியைக் கேளுங்கள். தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி இருக்கிறது. எம்.பி. நிதி 5 கோடி, ஆனால் ஆறு தொகுதிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும். நம் பக்கம் அந்த ஒரு பங்குக்குப் பஞ்சமில்லை. உங்கள் வேலை அதில் வருமா என்று மட்டும் கலெக்டர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மனுவில் 'ஒரு ஜெனரேட்டர் வேண்டும்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தெந்தக் கருவி, எத்தனை வாட் என்ற பட்டியலை இணையுங்கள்.

தாராபுரம், செவிலியர்: நன்கொடையா வந்த 5 கேவிஏ ஜெனரேட்டர் இருக்குங்க. ஆட்டோகிளேவ் (கருவிகளைக் கிருமி நீக்கற பெட்டி) போட்டா நின்னுருது.

நிற்கத்தான் செய்யும். 5 கேவிஏ என்றால் கைக்கு வருவது சுமார் 4 கிலோவாட். ஆட்டோகிளேவே 2, 3 கிலோவாட் இழுக்கும். பிரசவ அறை விளக்கு, பிறந்த குழந்தைக்குச் சூடு தரும் வார்மர், சளி உறிஞ்சும் சக்‌ஷன், காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் கான்சன்ட்ரேட்டர், தடுப்பூசிப் பெட்டி இவற்றுக்கு மட்டும் தனி லைன் பிரித்து ஜெனரேட்டரில் கொடுக்கச் சொல்லுங்கள். ஏசியும் ஆட்டோகிளேவும் கரண்டு வரும்வரை காத்திருக்கட்டும்.

பல்லடம்: மாடியில சோலார் போட்டுக் கொடுத்தாங்க. நல்ல வெயில்லயும் கரண்டு போனா எல்லாமே போயிருதே, ஏனுங்க?

மின்வாரிய லைனோடு இணைத்த சோலார், லைன் செத்ததும் தானாக அணைந்துகொள்ளும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பில் குறையும், அவ்வளவுதான். கரண்டு இல்லாதபோதும் ஓட ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். சத்தீஸ்கரில் 900 சுகாதார நிலையங்களுக்கு மேல் அரசே பேட்டரியோடு சோலார் போட்டிருக்கிறது. பிரதமரின் சூர்ய வீடு மானியத்தை எதிர்பார்க்க வேண்டாம், அது வீடுகளுக்கு மட்டும்.

கடம்பூர் மலை: மழைக்காலத்துல மரம் விழுந்தா ரெண்டு நாள் இருட்டு. தடுப்பூசி கெட்டுராதா?

தடுப்பூசி வைக்கும் ஐஎல்ஆர் குளிர்பெட்டி ஒரு நாளில் 8 மணி நேரம் கரண்டு கிடைத்தாலே 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கும்படி செய்தது. மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் பெரிய விஷயம். வெப்பமானி 8-ஐ நெருங்கினால் ஐஸ் பேக் வைத்த கோல்டு பாக்ஸில் அடுத்த நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். மலைக்கு நேரடி சோலார் குளிர்பெட்டி கேட்டு எழுதுங்கள், அதற்குப் பேட்டரியே வேண்டாம்.

ஈரோடு, தனியார் மருத்துவமனை: எங்களுக்கு ஏதாவது மானியம்?

ஜெனரேட்டருக்கு எதையும் நம்பி உட்காராதீர்கள். சோலார் போட்டால் வருமான வரிக் கணக்கில் அதன் மதிப்பில் ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தேய்மானச் செலவாகக் காட்டலாம்.

காங்கேயம், ஆலை நடத்துபவர்: சிஎஸ்ஆர் (நிறுவனங்களோட சமூகப் பொறுப்பு) பணத்துல 25 கேவிஏ ஜெனரேட்டர் ஒண்ணு கொடுக்கலாம்னு இருக்கறோம்.

கொடுங்கள், ஆனால் கல்வெட்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நிகர லாபம் 5 கோடி தாண்டிய நிறுவனம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்யச் சட்டம் சொல்கிறது. வாங்கும் ஆண்டில் பணம் இருக்கும். அடுத்த ஆண்டு? பாதி லோடில் இந்த ஜெனரேட்டர் மணிக்கு மூன்று, நான்கு லிட்டர் டீசல் குடிக்கும். ஸ்டார்ட்டர் பேட்டரி சில ஆண்டுகளில் போய்விடும். ஜெனரேட்டர் கிளம்பாததற்கு நான் பார்த்த காரணங்களில் அந்தப் பேட்டரிதான் முதலிடம். எம்.எல்.ஏ. நிதியோ எம்.பி. நிதியோ டீசலுக்கும் சர்வீசுக்கும் வராது.

அதனால் 25-க்குப் பதில் 15 கேவிஏ போதுமா என்று லோடு கணக்குப் பாருங்கள். மிச்சத்தில் ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக் கொடுங்கள். இன்னொன்று: கருவி நிலையத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாத ஜெனரேட்டருக்கு டீசல் பில் போட்டால் தணிக்கையில் மாட்டுவது பாவம் அந்த டாக்டர்.

வாரம் ஒருமுறை லோடு கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள், லாக் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். சும்மா ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் சோதித்ததாகாது.

அதே நண்பர்: எங்க வெக்கறதுங்க?

வார்டு ஜன்னலுக்குக் கீழே மட்டும் வேண்டாம். புகைக்குழாய் கூரைக்கு மேலே போகட்டும், மழைத் தண்ணீர் தேங்காத மேட்டில் தளம் போடுங்கள்.