30-க்கு 21 வாங்கினால் டிமென்ஷியாவா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. எட்டாவது வரை படித்தவர், மளிகைக் கடை வைத்திருக்கிறார். கொஞ்ச நாளாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். ‘மோகா’ என்ற நினைவுத்திறன் டெஸ்ட்டில் 30-க்கு 21. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனாலும் இரண்டரை மணி நேர நியூரோசைக்காலஜி டெஸ்ட்டுக்கு (நினைவு, கவனம், சிந்தனையை விரிவாகச் சோதிப்பது) வரச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: அவசியம்தான். ஆரம்பக் கட்டத்தில் ஸ்கேன் நார்மலாக இருப்பது சகஜம். 21 என்ற எண்ணை மட்டும் வைத்து டிமென்ஷியா (மறதி நோய்) என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. மோகாவில் 26-க்குக் கீழே வந்தால் சந்தேகிப்போம். 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு 1 மதிப்பெண் கூட்டுவோம். எட்டாவதோடு நின்றவருக்கு அந்த ஒன்று எந்த மூலைக்கு? மோகாவில் கனசதுரம் வரையச் சொல்வார்கள். வரைந்து பழகாத கை, நோயே இல்லாமலும் அதில் தடுமாறும். 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் அதே கடைக்காரர் 93, 86, 79 என்று அடுக்கிவிடுவார். அதனால் எந்தக் கேள்வியில் மதிப்பெண் போனது என்று விடைத்தாளைப் பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஐந்து சொற்கள். வாசித்துக் காட்டி, சுமார் 5 நிமிடம் கழித்துக் கேட்பார்கள். வராவிட்டால் ‘அது ஒரு நிறம்’ என்று துப்புக் கொடுப்பார்கள். உடனே ‘அட, சிவப்பு!’ என்றால் சொல் உள்ளே பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் தாமதம். மனச்சோர்வு, தூக்க மாத்திரை, மூளையின் சிறு ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவற்றில் இப்படி வரும். துப்புக் கொடுத்தும் வரவில்லை, பட்டியலிலேயே இல்லாத சொல் வருகிறது என்றால் பதிவே ஆகவில்லை. அல்சைமர் பக்கம் யோசிக்க வேண்டும். மோகாவில் இரண்டுக்குமே பூஜ்யம்தான்! நீண்ட டெஸ்ட் பிரித்துக் காட்டுவது இதைத்தான்: 15 சொற்களை ஐந்து முறை வாசித்து, அரை மணி கழித்துக் கேட்பார்கள்.

லேசான மறதிக் குறைபாடா, டிமென்ஷியாவா என்பதை டெஸ்ட் மட்டும் தீர்மானிக்காது. கடைக் கணக்கு, மாத்திரை, பஸ் பயணம் எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறாரா என்பதும் வேண்டும். கூடவே இருப்பவர் போய், நடந்ததைத் தேதியோடு சொல்லட்டும். அப்பா எதிரில் சொல்லச் சங்கடமென்றால் எழுதிக் கொடுக்கலாம்.

கண்ணாடி, காதுக் கருவி மறக்க வேண்டாம். காது கேட்காமல் போன மதிப்பெண்கள் ஏராளம். பி12, தைராய்டு ரிப்போர்ட்டும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். தூக்க மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் இருந்தால் சில வாரம் தள்ளிப்போடுங்கள். கேள்வித்தாளை இணையத்தில் எடுத்து வீட்டில் பழக்கிவிடாதீர்கள். மதிப்பெண் ஏறும், நோய் மறைந்து நிற்கும்.