மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்

கேள்வி: பெரும்பான்மையினர் முடிவுதானே ஜனநாயகம்? சிறுபான்மை மதத்தவருக்கு மட்டும் ஏன் தனிப் பாதுகாப்பு?

பதில்: வாக்குப்பெட்டி, யார் ஆள்வது என்பதைத் தீர்மானிக்கும். யார் எதை நம்பலாம் என்பது அதன் வேலை இல்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் (1966) மத சுதந்திரத்தைக் காக்கும் 18ஆம் பிரிவு எல்லோருக்கும் பொதுவானது. பெரும்பான்மையினருக்கு அதைப் புரட்டிப் பார்க்கும் தேவை அதிகம் வருவதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: வழிபாட்டுக் கூடம் கட்ட அனுமதி கேட்டோம். 'பொது ஒழுங்கு கெடும்' என்று வாய்மொழியாகவே மறுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வாய்ச்சொல்லை எதிர்த்து மேல்முறையீடு செய்வது கடினம். மறுபடி எழுத்தில் விண்ணப்பித்து ஒப்புகை வாங்குங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த ஒப்புகையே சாட்சி.

காரணம் கைக்கு வந்தபின் அதை உரசிப் பார்க்கலாம். 18ஆம் பிரிவு ஏற்கும் காரணங்கள் பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கநெறி, பிறரின் அடிப்படை உரிமைகள் ஆகியவை மட்டுமே. அடிக்கடி நீட்டப்படும் 'தேசப் பாதுகாப்பு' இதில் கிடையாது! காரணம் பட்டியலில் இருந்தாலும் போதாது, அந்தத் தடை அவசியம்தான் என்று அரசு காட்ட வேண்டும். நெரிசல்தான் கவலை என்றால் வாகன நிறுத்தத்துக்கு நிபந்தனை போடலாமே, கூடத்தையே ஏன் தடுக்க வேண்டும்? எதிர்ப்பாளர்கள் கலவரம் செய்வார்கள் என்றால் கட்டுப்படுத்த வேண்டியது அவர்களை. அதே பகுதியில் பிற மதக் கட்டடங்களுக்குக் கொடுத்த அனுமதிகளின் நகல் கிடைத்தால், பாகுபாட்டைக் காட்ட அது பெரிய பலம்.

பிரான்சில் குடியிருப்பு அட்டைப் படத்துக்குத் தலைப்பாகையைக் கழற்ற மறுத்த சீக்கியர் ஒருவரின் மனுவில், 2011இல் இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு கேட்டதும் இதைத்தான்: முகம் முழுதாகத் தெரியும்போது தலைப்பாகை அடையாளம் காண எப்படி இடைஞ்சல்? அரசு அதை விளக்கவில்லை. உரிமை மீறல் என்று குழு முடிவு செய்தது.

கேள்வி: அந்தக் குழுவுக்கு நாங்களும் போகலாமா?

பதில்: உங்கள் நாடு முதல் விருப்ப நெறிமுறையை (தனிநபர் மனுக்களுக்கு வழிவிடும் துணை ஒப்பந்தம்) ஏற்றிருந்தால் போகலாம், உடன்படிக்கையை மட்டும் ஏற்றிருந்தால் போதாது. உள்நாட்டு நீதிமன்ற வழிகள் முடிந்திருக்க வேண்டும். அதன்பின் 5 ஆண்டு கடந்தால் மனு தள்ளப்படலாம். பெயரில்லா மனு செல்லாது. அறக்கட்டளையின் பெயரிலும் போட முடியாது, பாதிக்கப்பட்ட தனிநபர்கள்தான் மனுதாரர். சறுக்கும் இடம் இன்னொன்று: உள்ளூர் வழக்கில் கட்டட விதியை மட்டும் வாதாடிவிட்டு, மத உரிமையை ஜெனீவாவில் அந்தக் குழுவிடம் முதன்முதலாக எழுப்புவது. உள்நாட்டில் கேட்காததை அங்கே கேட்க முடியாது. முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.